கண்ணில் படுகிற இடத்தில் ஒரு எண்

எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் இரும்பைக் கடினப்படுத்த வேண்டும். கடினப்படுத்திய பிறகு அதில் எதுவும் எழுத முடியாது. பட்டறையில் கால் வைத்த முதல் வாரத்தில் யாரும் கற்றுக்கொள்கிற பாடம் இது. முப்பத்து நான்கு வருஷம் இரும்பு கடையும் லேத்தின் முன்னால் நின்ற ஆர்லீன் ட்வெய்ட்டுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் மாற்றிச் செய்தாள்.

மார்ச் இருபத்து மூன்றாம் தேதி காலை, கார்விக்கில் தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில், அந்தத் தவறைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய இரும்புத் துண்டு. ஒற்றைத் தோட்டா ரைஃபிளின் நடு உடல். குழலும் மரக்கட்டையும் விசையும் வந்து சேருகிற இடம். சட்டத்தின் கண்ணுக்கு அதுதான் துப்பாக்கி, மற்றதெல்லாம் உதிரி. அதன் மேல் நீலமும் வைக்கோல் மஞ்சளும் சாம்பலும், மழைத் தண்ணீரில் சிந்திய டீசலைப்போல ஒன்றுக்குள் ஒன்று ஓடின. சூளையில் வைத்து எடுத்துத் தண்ணீரில் இறக்கும்போது இரும்பின் தோலில் விழுகிற நிறம் அது. தோல் கண்ணாடியாகக் கெட்டிப்படும், உள்ளே பழைய இரும்பு அப்படியே இருக்கும். நிறம் சரியாக விழுந்திருந்தது. அவளே அதைக் குறை சொல்லவில்லை என்றால் வேறு யாரும் சொல்ல இடமில்லை.

இன்னும் எட்டு நாள் இருந்தது. மாதம் முடிவதற்குள், வீட்டில் செய்த துப்பாக்கிக்கு லைசென்ஸ் உள்ள வியாபாரி ஒருவர் எண் வெட்டித் தன் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்பது மாநிலத்தின் புதுச் சட்டம். ஏப்ரல் முதல் தேதி விடிந்துவிட்டால் எண்ணில்லாததை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அப்புறம் வியாபாரியிடம் எடுத்துப் போகலாமே என்றால், எடுத்துப் போகிற வழியும் குற்றம். அறுத்துப் போடலாம், அல்லது ஒளித்து வைக்கலாம். வேறு வழி கிடையாது.

சட்டம் போன வருஷமே கையெழுத்தாகிவிட்டது. நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்துவிடும் என்று ஸ்கோகன் துப்பாக்கிக் கழகத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஆர்லீன் எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். நவம்பரில் சூளையை மூட்டினபோது கணவன் மெர்ல் கேட்டான்.

"நம்பர் வெட்டறதுக்கு இடம் விட்டிருக்கியா?"

"மலைக்கு அந்தாண்ட உக்காந்து சட்டம் போடறவன் சொல்றதுக்காக என் இரும்புல நான் இடம் விடணுமா?" என்று சூளைக் கதவைச் சாத்தினாள்.

பிப்ரவரியில் நீதிமன்றம் சட்டத்தை நிறுத்த மறுத்துவிட்டது. இரும்பு ஏற்கெனவே கெட்டிப்பட்டிருந்தது.

ஆர்லீனுக்கு வயது அறுபத்தொன்று. கோதுமைக்காரக் குடும்பத்தில் மூன்று அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவள். அப்பாவின் நிலமும் துப்பாக்கிகளும் அண்ணன்களுக்குப் போயின. அவளுக்கு அம்மாவின் தையல் மெஷின் வந்தது. அதைப் பிரித்து மாட்டத் தொடங்கியதுதான் அவளுடைய தொழிற்கல்வி. இருபத்தேழு வயதில் நீர்ப்பாசன பம்பு பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தாள். அன்றைக்கு ஃபோர்மேன் அவளைக் கூட்டிப்போய்த் துடைப்பத்தைக் காட்டினான். அவள் லேத்தைக் காட்டினாள். ஒரு வாரம் இரண்டையும் பார்த்துக்கொள் என்றான். எட்டாம் நாள் துடைப்பத்தை அவன் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். திரும்ப யாரும் அதை அவளிடம் கொடுக்கவில்லை.

இந்த வட்டாரத்தில் ஓடுகிற பம்புகளில் பாதிக்கு மேல் அவள் கடைந்த தண்டு உள்ளே சுற்றுகிறது. வெளியே தகட்டில் இருப்பது வேறு யாரோ ஒரு கம்பெனியின் பெயர். அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை. பம்புக்குள்ளே யார் போய்ப் பெயர் படிக்கப் போகிறார்கள்?

துப்பாக்கி அப்படியல்ல. ஸ்கோகன் கழகத்தில் ஒரு பழக்கம். மே மாதப் போட்டியன்று சுடுகிறவர்கள் எல்லோரும் தங்கள் ஒற்றைத் தோட்டா ரைஃபிளைக் கம்பளி விரித்த நீள மேசையில் வைப்பார்கள். ஒவ்வொருவருடைய முறை வரும்போதும் மேசைக்காரர் அந்தத் துப்பாக்கியை எடுத்து, இரும்பில் எழுதியிருப்பதை உரக்கப் படிப்பார். அப்புறம்தான் தோட்டாவைத் தொடலாம். எழுத்தில்லாத துப்பாக்கி மேசைக்கு வராது. யார் செய்தது என்று சொல்ல முடியாத ஒன்றின் பக்கத்தில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை என்பது அதன் பழைய காரணம். நல்ல காரணம்தான்.

இருபத்திரண்டு வருஷம் ஆர்லீன் பெரிய அண்ணனின் ரைஃபிளை இரவல் வாங்கிச் சுட்டாள். ஒவ்வொரு வருஷமும் அவள் முறை வரும்போது, நூறு வருஷத்துக்கு முன் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பெயரைப் படித்தார்கள். அறுபதுக்கு நான்கு வருஷம் இருக்கும்போது ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "இனிமே அண்ணன்கிட்ட இரவல் கெடையாது. சொந்தமா ஒண்ணு செய்யப் போறேன்" என்றாள். மெர்ல் உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "எது, அண்ணனா?" என்று கேட்டான். அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். வசதிப்படும்போது இன்னும் மந்தமாகும்.

கோடையில் பம்பு வேலை தலைக்கு மேல் போகும். அதனால் குளிர்காலங்களில் மட்டும் செய்தாள். ஐந்து குளிர்காலம். தன் உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம், விற்பதற்காகச் செய்தால் லைசென்ஸ் வேண்டும், துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடையுள்ளவர்கள் செய்யவே கூடாது என்பதையெல்லாம் முதல் நாளே படித்து, நோட்டில் எழுதி, தேதி போட்டு வைத்தாள். முதல் வெடிகளைத் தோளில் வைத்துச் சுடவில்லை. பழைய லாரி டயரில் துப்பாக்கியைக் கட்டி, நீளக் கயிற்றை விசையில் மாட்டி, டிரக்குக்குப் பின்னாலிருந்து இழுத்தாள். "உன் வேலைமேல உனக்கே நம்பிக்கை இல்லியா?" என்று மெர்ல் கேட்டதற்கு, "என் வேலைமேல நம்பிக்கை இருக்கு. என் கணக்குமேலதான் இல்ல" என்றாள்.

அந்த இருபத்து மூன்றாம் தேதி காலையில் ஹார்லன் ஸ்கார் வந்தான். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், கோதுமைக்காரன், கழகத்தின் மேசைக்காரனும் அவன்தான். கேட்காமலே காபியை ஊற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"என்னடி, செத்த கோழியைப் பாக்கற மாதிரி பாக்கற?"

"எட்டு நாள்தான் இருக்கு."

"எனக்கு அந்தத் தொல்லையே இல்ல. தபால்ல அரைகுறைத் துப்பாக்கி ஒண்ணு வாங்கி நானே முடிச்சேனே, அது கொட்டகைச் சுவத்துக்குள்ள போயாச்சு. மேல பலகை அடிச்சு பெயிண்டும் அடிச்சாச்சு."

"என்ன பெயிண்ட்?"

"சிவப்பு. ஏன்?"

"மத்த சுவரெல்லாம் பதினஞ்சு வருஷமா வெளுத்துக் கெடக்கு. நடுவுல ஒரு பலகை மட்டும் புதுச் சிவப்பு. வர்றவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

ஹார்லன் காபியை ஒரு வாய் குடித்தான். "நாளைக்கு முழுச் சுவத்துக்கும் அடிச்சிடறேன்."

"அப்பாடா. உம்பொண்டாட்டி பத்து வருஷமா கேட்டது இப்பவாவது நடக்குது."

"சிரி. ஆனா கேளு. அவங்ககிட்ட நம்பர் வாங்கினா லிஸ்ட்ல ஏறிடுவ. ஒரு தடவ ஏறினா எறங்க முடியாது."

"நான் எல்லா லிஸ்ட்லயும் இருக்கேன்டா. ஓட்டு லிஸ்ட், வரி லிஸ்ட், சர்ச்சுல காபி போடற லிஸ்ட். அதுலருந்து எறங்கத்தான் முடியல."

"இது வேற."

"வேறதான். எனக்கும் அந்தச் சட்டம் பிடிக்கல. உன்னைவிட பிடிக்கல. அவங்களுக்குப் பயந்து என் துப்பாக்கிய நானே பொதைக்கறது அதைவிட பிடிக்கல. சுவத்துக்குள்ள வெச்சு எலிக்கு காவலா? எனக்கு மேசைல வெக்கணும்."

"ஆத்துப் பள்ளத்துல வந்து சுடு. யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான்டா வேணாங்கறேன்."

ஹார்லனுக்கு அது புரியவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. ஒருவரும் தன்னைத் தொடாமல் இருப்பதுதான் சுதந்திரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எல்லோரும் பார்க்க நிற்பதுதான் சுதந்திரம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே கொடியைத்தான் வாசலில் ஏற்றுகிறார்கள். சட்டம் வருகிற வரைக்கும் அவர்களுக்குள் வித்தியாசமே தெரிவதில்லை.

அவன் போனதும் ஆர்லீன் ஃபோனை எடுத்தாள். முதல் கடைக்காரன், "வீட்டுல செஞ்சதா? எங்க வாசப்படியே ஏறக் கூடாது" என்று வைத்துவிட்டான். இரண்டாவது ஆள், எண் வெட்டுகிற மெஷின் பழுது என்றான். எப்போது சரியாகும் என்றதற்கு, ஏப்ரல் இரண்டாம் தேதி என்று சிரிக்காமல் சொன்னான். மூன்றாவது ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட ஃபோனைக் குடுங்க" என்றான். அவள் கொடுத்தாள்.

மெர்ல் சொன்னான்: "நான் லாரி ஓட்டினவன்ங்க. சுவத்துல ஆணி அடிக்கறதுக்கே இவதான் வரணும். நீங்க அவகிட்டயே பேசிடுங்க." அவளிடம் திருப்பிக் கொடுப்பதற்குள் அந்த ஆள் வைத்துவிட்டான்.

நான்காவது, எழுபது மைல் தள்ளி பெல்மோரில், குதிரைச் சேணம் தைக்கிற கடைக்குப் பின்பக்கம் வேலை செய்கிற வெண்டல் ஓச்சோவா. அவன் அதிகம் பேசவில்லை. "கொண்டு வாங்க. பூட்டின பெட்டில, தோட்டா இல்லாம. நீங்க உக்காந்திருக்கும்போதே வெட்டித் தர்றேன். உங்க பேர்ல கேஸ் எதாவது இருக்கான்னு சோதனை முடிஞ்சாத்தான் கைக்கு வரும்."

மறுநாள் மெர்ல் டிரக்கை ஓட்டினான். பனி உருகிய வயல்களில் குளிர்காலக் கோதுமை ஒரு விரல் உயரம் நின்றது. ஆர்லீன் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். பின்னால் வைக்கச் சொன்னான், கேட்கவில்லை. அவள் மேல்கோட்டின் பையில் ஆழம் அளக்கிற கருவியும் இரண்டு செதுக்குளிகளும் இருந்தன. அதை அவனிடம் சொல்லவில்லை.

வெண்டலுக்கு நாற்பது வயதிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தவன் இரும்பை எடுத்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தான்.

"இதை நீங்களா செஞ்சீங்க?"

"ஏன், திருடினா மாதிரி இருக்கா?"

"இல்லம்மா. இந்த மாசம் எனக்கு வந்ததெல்லாம் தபால்ல வாங்கி மாட்டின பிளாஸ்டிக் டப்பாதான். அதான் கேட்டேன்." ஃபாரத்தை எடுத்தான். "எப்ப செஞ்சது?"

ஆர்லீன் அந்த இரும்பைப் பார்த்தாள். அது எளிய கேள்வி இல்லை. முதல் குளிர்காலத்தில் அது வெறும் கட்டி. அன்றைக்கு அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டாவதில் அதற்கு வடிவம் வந்தது. மூன்றாவதில் துளை வந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இரும்பு தரையில் விழுந்தது, விழுந்ததைப் பெருக்கி வாளியில் போட்டாள். எந்த நாள் பெருக்கியபோது அந்தக் கட்டி துப்பாக்கியாகிவிட்டது? சட்டம் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: எளிதில் முடித்துவிடலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டால் அதுவே துப்பாக்கி. ஆனால் யாருக்கு எளிது? ஹார்லனுக்கு எளிதில்லாதது அவளுக்கு எளிது. அப்படியானால் அதே இரும்பு அவன் கொட்டகையில் கட்டியாகவும் அவள் கொட்டகையில் துப்பாக்கியாகவும் இருக்குமா?

"டயர்ல கட்டிச் சுட்ட நாளைப் போட்டுக்க" என்றாள். "அன்னிக்குத்தான் அது பதில் சொல்லிச்சு."

வெண்டல் எழுதிக்கொண்டான். "நம்பர் எப்படி வரும்னு சொல்லிடறேன். முதல்ல என் லைசென்ஸ் நம்பர், அப்புறம் ஒரு கோடு, அப்புறம் உங்களுக்குன்னு ஒண்ணு."

"உன் நம்பர் எதுக்கு? நீ இதுல ஒரு தூசியத் தட்டினியா?"

"விதி அப்படி. நான் வெட்டினா என் நம்பர்ல தொடங்கணும்."

"அஞ்சு குளிர்காலம் நான். அரைமணி நேரம் நீ. எழுத்து உன்னுது."

"எனக்கு ஆசையா, சொல்லுங்க. நாளைக்கு எதாவது ஆச்சுன்னா என் கதவைத்தான் தட்டுவாங்க."

அது நியாயமான பதில் என்பதால் அவளுக்குக் கோபம் கூடியது. "சரி. எனக்குன்னு வர்ற நம்பர் ஒண்ணு."

"ஒண்ணுன்னா, ரெண்டாவது வருமா?"

"இந்த ஒண்ணுக்கே மூச்சு வாங்குது. வெட்டு."

அடிப்பக்கம் வெட்டட்டுமா என்று கேட்டான். விசைக்கு முன்னால், திருப்பினால் மட்டும் தெரிகிற இடம். எல்லோரும் அங்கேதான் கேட்கிறார்கள் என்றான். நிறத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து அவளும் தலையாட்டினாள். கோழி தகரத்தைக் கொத்துகிற சத்தத்தில் மெஷின் ஓடியது. நடுவில் ஒரு தடவை நிறுத்தி முனையை மாற்றினான். முடித்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, விளக்கில் காட்டினான்.

"ஆச்சு. பளிச்சுனு படிக்க முடியுது."

ஆர்லீன் பையிலிருந்து கருவியை எடுத்து எண்ணின் மேல் வைத்தாள். மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணரை தௌதான் எறங்கியிருக்கு."

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பட்டறைக்காரர்களுக்குத் தௌ. எண் குறைந்தது மூன்று தௌ ஆழம் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் குறைந்தால் எண் இருந்தும் இல்லாததுதான்.

"தோலு அவ்வளவு கெட்டிம்மா. எம் முனை ஒண்ணு போச்சு. படிக்க முடியுதில்ல? எவன் வந்து அளக்கப் போறான்?"

"நான் அளந்துட்டேன்."

வெண்டல் மெர்லைப் பார்த்தான். மெர்ல் சுவரில் தொங்கிய சேணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் காது கேட்காத நேரம் அது.

"அம்மா, நீங்க இந்தச் சட்டத்தைத் திட்டிட்டேதானே உள்ள வந்தீங்க?"

"இப்பவும் திட்டறேன். அதுக்காக அரைகுறையா பண்ணிட்டு நிக்க மாட்டேன். தப்பு அவங்களுதா இருக்கணும், என்னுதா இருக்கக் கூடாது. அப்பத்தானே வாய் தொறந்து பேச முடியும்?"

"அப்ப சூளைல வெச்சு எளக்கணும். நிறம் பூரா போயிடும். நெளிஞ்சாலும் நெளியும். திருப்பிக் கெட்டிப்படுத்த ஒரு வாரத்துல முடியுமா?"

முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆர்லீன் அந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நவம்பரில் கதவைச் சாத்தியபோது சொன்ன வார்த்தை அவளுக்கு நினைவு வந்தது. அந்த வார்த்தையில் தவறில்லை என்றே இப்போதும் நினைத்தாள். வார்த்தைக்காக இரும்பைப் பணயம் வைத்ததுதான் தவறு. வீம்புக்காரர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குள் பாதி ஆயுள் போய்விடும். அவளுக்குப் பாதிக்கு மேலேயே போயிருந்தது.

"தோல்தானே கெட்டி" என்றாள். "உள்ள இரும்பு மெதுதானே? தோலை ஒரு பட்டை எடுத்துட்டா?"

"கிரைண்டர் வெச்சா? அழகெல்லாம் போயிடும்மா. சரி, அடிப்பக்கம்தானே, தெரியாது."

"அடிப்பக்கம் வேணாம். எடப்பக்கம்."

"நடுவுலயா? நிறத்துக்கு நடுவுலயா?"

"களவாண்ட பொருளா இது, வயித்துக்கடியில எழுத? நம்பர் போட்டே ஆகணும்னா, பாக்கறவன் கண்ணுல குத்தற மாதிரி இருக்கட்டும். அந்த எடத்துல வெடியோட பாரம் விழாது. என் வரைபடத்துல இருக்கு, வேணும்னா பாத்துக்க." நோட்டை எடுத்து விரித்தாள்.

வெண்டல் நோட்டைப் படித்தான். அவசரப்படாமல் இரண்டு பக்கமும் படித்தான். பிறகு, "இன்னும் நான் புத்தகத்துல ஏத்தல. அது உங்க பொருள். என் மெஷினை நீங்க தொடறதை நான் பாக்கல" என்று சொல்லி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

கிரைண்டரை அவள் எடுத்தபோது மெர்ல் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "ஆர்லீன், ஒரு தரம் வெச்சா வெச்சதுதான்."

"தெரியும்."

பொறி பறந்தது. தீப்பெட்டி அகலத்துக்கு நீலமும் மஞ்சளும் தேய்ந்து, அடியிலிருந்து வெறும் வெள்ளை இரும்பு வந்தது. மேகத்தில் சன்னல் வெட்டியதுபோல் இருந்தது என்று சொன்னால் அழகாக்கிவிடுகிறோம். உண்மையில் அது தழும்பாகத்தான் இருந்தது. அவள் அரத்தால் விளிம்பைச் சமன்செய்து, ஊதி, வெண்டலிடம் கொடுத்தாள். இந்தத் தடவை மெஷின் கொத்தவில்லை, உழுதது. அவள் அளந்தாள். மூன்றரை.

"இப்ப ஏத்திக்கலாமா?"

"இரு." செதுக்குளியை எடுத்தாள். எண்ணுக்கு மேலே மிச்சமிருந்த வெள்ளையில் ஒவ்வொரு எழுத்தாக வெட்டத் தொடங்கினாள். ஆர்லீன் ட்வெய்ட், கார்விக். அப்புறம் வருஷம்.

"சட்டம் பேரைக் கேக்கலையே" என்றான் வெண்டல்.

"சட்டம் கேட்டதை நீ வெட்டிட்ட. இது நான் கேக்கறது."

ஐம்பது நிமிஷம் ஆனது. வருஷத்தின் கடைசி இலக்கத்தில் உளி லேசாக வழுக்கி ஒரு மயிரளவு கீறல் விழுந்தது. அதைத் திருத்தாமல் விட்டாள். சேணக் கடைக்காரி மெர்லுக்கு இரண்டு கோப்பை காபியும் கொடுத்து, அவன் லாரி ஓட்டிய கதையையும் முழுக்கக் கேட்டுவிட்டாள்.

சோதனைக்கு விவரங்களை அனுப்பியதும் திரையில் தாமதம் என்று வந்தது. அவள் பெயரில் வேறு மாநிலத்தில் எவளோ ஒருத்தி இருக்கிறாளாம். "அவ என்ன பண்ணினா?" என்று ஆர்லீன் கேட்டாள். அதெல்லாம் சொல்ல மாட்டார்கள் என்றான் வெண்டல். துப்பாக்கி அவன் பெட்டகத்தில் தங்கியது. புத்தகத்தில் ஏறிவிட்டதால் தேதியைப் பற்றிப் பயமில்லை. ஆனாலும் எழுபது மைலும் வெறும் பெட்டியை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஐந்தாம் நாள் வெண்டல் ஃபோன் செய்தான். "அந்த இன்னொருத்தி நீங்க இல்லியாம். வந்து வாங்கிக்கங்க."

மே மாதப் போட்டியன்று காற்று மேற்கிலிருந்து அடித்தது. பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். ஹார்லன் மேசைக்குப் பின்னால் நின்றான். அவன் தோளில் அவன் அப்பாவின் பழைய ரைஃபிள்.

"உன்னுது எங்கடா?" என்று கேட்டாள் ஆர்லீன்.

"எங்க இருக்கும்? சுவத்துலதான்."

"எடுத்துட்டு வந்து நம்பர் போட்டிருக்கலாமே?"

"இப்ப எங்க எடுக்கறது? தெருவுக்குக் கொண்டு வந்தாலே கேஸு." குரலைத் தாழ்த்தினான். "அதுக்குள்ள ஈரம் எறங்குதோ என்னமோ. பிரிச்சுப் பாக்கவும் பயமா இருக்கு."

"பெயிண்டு?"

"பெயிண்டு நல்லாருக்கு" என்றான்.

அவள் தன் ரைஃபிளைக் கம்பளியில் வைத்தாள், இடப்பக்கம் மேலே இருக்கும்படி. இரண்டு மூன்று பேர் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பெரிய அண்ணன் நின்று பார்த்தான். "நிறத்துக்கு நடுவுல இப்படியா கெடுத்து வெப்பாங்க?" என்றான். இருபத்திரண்டு வருஷம் இரவல் கொடுத்தவன், ஒரு வார்த்தை பேச அவனுக்கு உரிமை உண்டு என்று விட்டுவிட்டாள்.

அவள் முறை ஏழாவது. ஹார்லன் துப்பாக்கியை எடுத்தான், தூக்கிப் பிடித்தான்.

"ஆர்லீன் ட்வெய்ட், கார்விக்" என்று படித்தான். வருஷத்தையும் படித்தான். இறக்கி வைக்கப் போனான்.

"முழுசா படி."

"முடிஞ்சுதே."

"கீழ ஒரு வரி இருக்கு."

"அதெல்லாம் இங்க படிக்கறதில்ல ஆர்லீன். அது அவங்க எழுதினது."

"இரும்புல எழுதியிருக்கறதைப் படிக்கறதுதான் வழக்கம். எழுதினவன் யாருன்னு பாத்தா படிக்கற? என் அண்ணன் துப்பாக்கில செத்துப்போன கம்பெனியோட பேரை இருபத்திரண்டு வருஷம் படிச்சியே, அந்தக் கம்பெனிக்காரன் உன் மாமனா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அந்த எண்ணை அங்கே உரக்கச் சொல்வது, சர்ச்சில் வரிநோட்டீஸ் படிப்பதுபோல அவர்களுக்கு. ஹார்லன் துப்பாக்கியை மறுபடி தூக்கினான். பிறகு மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தான். வெண்டலின் லைசென்ஸ் நம்பர், கோடு, கடைசியில் மூன்று சுழி, ஒன்று. காற்றுக்கு மேல் கேட்கும்படிதான் படித்தான். குரல் மட்டும் யாரோடோ சண்டை போடுவதுபோல் இருந்தது. யாரோடு என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஆர்லீன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டில் போய் நின்றாள். தோட்டாவை வைத்து மூடினாள். இருநூறு கஜத்துக்கு அப்பால் இரும்புத் தட்டு காற்றில் மெல்ல ஆடியது. கட்டையில் கன்னத்தை வைத்தபோது கண்ணோரத்தில் அந்த வெள்ளைத் தழும்பு தெரிந்தது. சுட்டாள். தட்டுக்கு ஒரு முழம் கீழே மண் பறந்தது.

"தாழ்ந்துடுச்சு" என்றான் ஹார்லன் பின்னாலிருந்து. அவன் குரலில் கொஞ்சம் திருப்தி இருந்ததைக் கேட்காதவர்கள் இல்லை.

"பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த தோட்டாவை எடுத்தாள்.